11-ஆவது பிக்கில் லெஃப்ட் டேக்கிளா, டிஃபென்சிவ் டேக்கிளா?

மேடன் 25 என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமில், ஓர் அணியைப் பல சீசன்கள் நடத்தும் பிரான்சைஸ் மோடில் பெங்கால்ஸ் அணியை நடத்துகிறேன். மூன்றாவது சீசன் முடிந்து டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது) வந்துவிட்டது, என் முறை 11-ஆவது. இரண்டு பக்க லைனும் ஓட்டை: குவார்ட்டர்பேக்கின் (பந்தை எறிபவர்) இடது பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளும் சரியில்லை, எதிரணி நடுவில் ஓடுவதை நிறுத்தும் டிஃபென்சிவ் டேக்கிளும் சரியில்லை. மூன்றாவது டவுனில் (மூன்றாம் முயற்சியில்) என் குவார்ட்டர்பேக் பர்ரோ பந்தை வாங்கி நிமிர்வதற்குள் இடது பக்கமாக ஒருவன் வந்து சாய்த்துவிடுகிறான். டிஃபென்ஸில் எதிரணி நடுவிலேயே ஓடி ஓடி நான்காவது குவார்ட்டரைத் தின்றுவிடுகிறது.

ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் இல்லாத வீரர்களிலிருந்து) அனுபவமுள்ள டேக்கிளை எடுத்தேன், முப்பது வயதைத் தாண்டியதும் ரேட்டிங் சரிந்துவிட்டது. பாஸும் பிடிக்கக்கூடிய டைட் எண்டை பிளாக் செய்ய (எதிராளியைத் தடுக்க) நிறுத்தினால் பாஸ் பிடிக்க ஆள் குறைகிறது. டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களை பிளிட்ஸ் (முன்னால் பாய்ந்து தாக்க) அனுப்பினால் பின்னால் காலி. நிஜத்தில் ஈகிள்ஸ் அணி 2018-இல் ஏழாவது ரவுண்டில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த மைலாட்டாவை எடுத்து லெஃப்ட் டேக்கிளாக வளர்த்தார்களே, அதேபோல நானும் கடைசி ரவுண்டுகளில் பெரிய உடம்புக்காரர்களாகப் பார்த்து எடுத்து வைத்தேன், ஆனால் அவர்கள் தேறும்வரை பொறுக்க முடியாது, பர்ரோவின் ஒப்பந்தம் 2029 வரைதான்.

இந்த டிராஃப்டில் லெஃப்ட் டேக்கிள் ஒருவன் இருக்கிறான், பாஸ் பிளாக் அருமை, பலம் குறைவு. டிஃபென்சிவ் டேக்கிள் ஒருவன் முதல் ஆட்டத்திலேயே இறங்கத் தயார். இரண்டாம் ரவுண்டு வரை இருவருமே மிஞ்ச மாட்டார்கள்.

சரி, நீங்களாக இருந்தால் 11-இல் யாரை எடுப்பீர்கள்?