எந்த அணி உங்களுடையது? எப்படி வந்து சேர்ந்தது?

அசோக் நகரிலிருந்து

வணக்கம். கிரிக்கெட் மட்டுமே ஓடிய வீடு எங்களுடையது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை என் மகள் பிடிவாதம் பிடித்ததால்தான் போட்டோம். அர்ஜென்டினா 2-0 முன்னால் இருந்து, பிரான்சு 2-2 ஆக்கி, அப்புறம் 3-3 ஆகி, கடைசியில் பெனால்டியில் 4-2 என்று முடிந்த அந்த ஆட்டத்திலிருந்து இரண்டு பேருக்கும் ஃபுட்பால் பிடித்துவிட்டது. இப்போது வார இறுதிகளில் கிடைக்கிற ஆட்டத்தையெல்லாம் பார்க்கிறோம்.

ஆனால் யார் ஜெயித்தாலும் சரி என்றுதான் பார்க்கிறோம். இவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்படி ஓர் அணி இன்னும் அமையவில்லை. மகளுக்கும் அந்தக் குறை இருக்கிறது. ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி என்று பள்ளியில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். உங்களுக்கு எப்படி அமைந்தது? யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, தானாக வந்ததா? விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

பெரம்பூரிலிருந்து

என் அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். சென்னை லீக் என்றால் அப்போது பெரும்பாலும் ஆபீஸ் டீம்கள்தான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், வருமான வரி, ஏ.ஜி. ஆபீஸ். ஃபுட்பால் ஆடியதால் கிடைத்த வேலை, வேலை இருப்பதால் தொடர்கிற ஃபுட்பால் என்று எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்தன. சாயங்காலம் கோல் போட்டவர் மறுநாள் காலை தொழிற்சாலை கேட்டில் எல்லோரோடும் வரிசையில் நிற்பார். "நேத்து செகண்ட் ஹாஃப்ல ஏன் தம்பி அவ்ளோ பின்னால நின்னே?" என்று அப்பா அவரை நிறுத்திக் கேட்பார். அந்த உரிமை அப்பாவுக்கு இருந்தது, அந்த ஆட்டக்காரரும் நின்று பதில் சொல்வார். நான் பார்த்த முதல் ரசிகர் அப்பாதான்.

ஐ.சி.எஃப். தோற்றால் அன்றைக்கு வீட்டில் பேச்சு குறைந்துவிடும். ஆனால் எதிரணியில் இந்தியன் வங்கிக்காக சபீர் பாஷா பந்தை வாங்கித் திரும்பினால் அப்பா கை தட்டத் தவறமாட்டார். நம்ம ஊர்க்காரர், இந்தியாவுக்கே ஆடியவர் என்ற பெருமை. ஓர் அணியை நேசிக்கிறவன் அடுத்த அணியைத் திட்டியே ஆக வேண்டும் என்று நான் நினைக்காததற்கு அப்பாதான் காரணம்.

என் சொந்த அணி 2002இல் வந்தது. உலகக் கோப்பை கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்ததால் நமக்கு மதியமும் சாயங்காலமுமாக ஆட்டங்கள். ராத்திரி கண் விழிக்கத் தேவையில்லை என்பதால் பாட்டிகள்கூட உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரேசில், மீதிப் பேர் அர்ஜென்டினா. என் நண்பர்கள் என்னை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். நான் எதிலும் சேராமல் மே 31 முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். நடப்பு சாம்பியன் பிரான்சு, எதிரே முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வந்த ஆப்பிரிக்க நாடான செனகல். செனகல் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிரான்சு நாட்டு கிளப்புகளில் ஆடிப் பிழைத்தவர்கள். தங்களை ஆண்ட நாட்டை, தங்களுக்குச் சம்பளம் தருகிற நாட்டை, பப்பா பூபா டியோப் போட்ட ஒரே கோலில் அவர்கள் சாய்த்தார்கள். கோல் போட்டவர் ஜெர்சியைக் கழற்றிக் கார்னர் கொடி பக்கம் தரையில் விரித்தார், எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஆடினார்கள். அந்த இடத்திலேயே நான் செனகல் ரசிகன் ஆகிவிட்டேன்.

கால் இறுதியில் துருக்கியிடம் தோற்றார்கள். அப்போது கோல்டன் கோல் விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. துருக்கி போட்டது, அவ்வளவுதான், திருப்பி அடிக்க ஒரு நிமிடம்கூடக் கிடையாது. தெருவில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ரொனால்டோ இரண்டு கோல் போட்டு பிரேசில் ஜெயித்ததை ரசித்துத்தான் பார்த்தேன், வெடியும் வெடித்தேன். ஆனால் இன்றைக்குக் கண்ணை மூடினால் வருவது அந்தத் துருக்கி கோல்தான்.

அப்புறம் இருபது வருஷம் காத்திருந்தேன். 2022 பிப்ரவரியில் எகிப்தைப் பெனால்டியில் தோற்கடித்துச் செனகல் முதல் முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கியது. கடைசிப் பெனால்டியை அடித்தவர் சாடியோ மானே. அதே ஆட்டத்தில் ஆரம்பத்தில் கிடைத்த பெனால்டியைத் தவறவிட்டவரும் அவரே. பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர் அலியூ சிசே, 2002 அணியின் கேப்டன். நமக்கு அது நள்ளிரவைத் தாண்டிய நேரம். வீட்டில் எல்லோரும் தூங்க, நான் மட்டும் ஹாலில் நின்றுகொண்டு அழுதேன்.

அதனால் உங்கள் மகளிடம் கோப்பைக் கணக்கைக் காட்டாதீர்கள். எத்தனை முறை ஜெயித்தது என்று பார்த்து அணி எடுத்தால், அது தோற்கிற வருஷம் கைவிட்டுப் போய்விடும். நிறையப் பார்க்கட்டும். எந்த ஆட்டம் அவளைத் தூங்கவிடவில்லையோ அதைக் கவனியுங்கள்.

வேளச்சேரியிலிருந்து

நான் கொஞ்சம் நடைமுறையாகச் சொல்கிறேன். அணியை எடுப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பார்க்க முடியாத அணிக்கு ரசிகராக இருப்பது ரொம்பக் கஷ்டம்.

ஐரோப்பியக் கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்கு இரவு 12.30 அல்லது 1.30க்குத்தான் தொடங்கும், அதுவும் வேலை நாளில். ஸ்பெயின் லீகின் பெரிய ஆட்டங்கள் பலவும் அப்படித்தான். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு 7.30. அக்டோபர் கடைசியில் திரும்பவும் 8.30 ஆகிவிடும். ஜெர்மனி இன்னும் வசதி. சனிக்கிழமை அவர்களுடைய 3.30 ஆட்டம் நமக்கு 8 மணிக்கோ 7 மணிக்கோ வரும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

எனக்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி அமைந்ததே அந்த நேரத்தால்தான். காலையில் சீக்கிரம் பறக்கும் ரயில் பிடிக்கிறவன் நான், ராத்திரி ஆட்டம் ஒத்துவராது. சனிக்கிழமை சாயங்காலம் என்ன ஓடுகிறது என்று பார்க்கப்போய், அவர்களுடைய தெற்கு ஸ்டாண்டைப் பார்த்தேன். இருக்கையே இல்லாமல் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுகொண்டே பாடுகிற ஒரே மேடை. ஆட்டத்தைவிட அவர்களைத்தான் முதலில் நேசித்தேன்.

2023 மே 27 மறக்கவே முடியாது. கடைசி நாள், சொந்த மைதானம், மைன்ஸ் அணியை ஜெயித்தால் லீக் கோப்பை. அரை மணி நேரத்துக்குள் 0-2 பின்னால் போய், ஒரு பெனால்டியையும் விட்டு, 2-2 என்று முடித்தார்கள். அந்தப் பக்கம் கொலோனில், கோப்பைக்குப் போட்டியாக இருந்த பேயர்ன் அணி 89ஆவது நிமிடத்தில் முசியாலா போட்ட கோலில் ஜெயித்தது. புள்ளி இரண்டு அணிக்கும் சமம், கோல் வித்தியாசத்தில் கோப்பை போனது. ஆட்டம் முடிந்த பிறகும் அந்த ஸ்டாண்டு கலையவில்லை. தலைகுனிந்து வந்த ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பாடிக்கொண்டே நின்றது. மறு சனிக்கிழமை நான் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போனேன். சென்னையில் மஞ்சள் ஜெர்சி என்றால் எல்லோரும் சூப்பர் கிங்ஸ் என்றுதான் நினைப்பார்கள். கேட்கிறவர்களுக்கு நின்று விளக்கம் சொல்வேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வியாசர்பாடியிலிருந்து

பெரம்பூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். செனகல், டார்ட்மண்ட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஓர் அணி இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

எங்கள் பகுதியைச் சின்ன பிரேசில் என்று சொல்வார்கள். முல்லை நகர் மைதானத்தில் விடிகாலையில் போய்ப் பாருங்கள், ஷூ இருக்கிறதோ இல்லையோ பந்து ஓடிக்கொண்டிருக்கும். என் தம்பிகள் இருவரும் அங்கே ஆடி வளர்ந்தவர்கள். பெண் பிள்ளை என்று என்னையும் யாரும் தடுக்கவில்லை, சைடில் நின்று பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். 2014இல் இந்தியன் சூப்பர் லீகில் ஆட 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணி தொடங்கியபோது தம்பிகள் என்னையும் நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. வெளிநாட்டுக்காரர்கள், விளக்கு, சினிமா நட்சத்திரங்கள் என்று ஏதோ திருவிழா பார்த்துவிட்டு வந்தேன்.

ஒட்டியது 2015இல். அந்த டிசம்பர் வெள்ளம் எங்கள் தெருவை என்ன செய்தது என்று இங்கே விவரிக்கத் தேவையில்லை, நீங்கள் எல்லோரும் பட்டதுதான். அணி சீசன் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்து, வரிசையாக ஜெயித்து மேலே ஏறி அரை இறுதிக்கு வந்திருந்தது. ஊர் தண்ணீரில் நின்றதால் நம் சொந்த மைதானத்து ஆட்டத்தை இங்கே நடத்த முடியவில்லை, புனேயில் நடத்தினார்கள். சொந்த ரசிகர் கூட்டம் இல்லாத ஊரில் கொல்கத்தாவை 3-0 ஜெயித்தார்கள். கொல்கத்தாவில் 1-2 தோற்றும், மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனார்கள்.

டிசம்பர் 20, கோவாவில் கோவா அணியோடு இறுதி ஆட்டம். வீட்டுச் சுவரில் ஈரம் காயாத நேரம். பக்கத்து வீட்டு டி.வி.யில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1. பெரியவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கையிலிருந்தே பந்து வலைக்குள் போனது. இரண்டு நிமிடம் கழித்து மென்டோசா அடித்தார், 3-2. எங்கள் அம்மாவுக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்றுகூடத் தெரியாது, அவர் எழுந்து நின்று கத்தினார். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் கேட்ட முதல் சந்தோஷக் கூச்சல் அது. அதற்குப் பிறகு வேறு அணியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 13, அரை இறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியம், எதிரே அதே கோவா. ஜெஜே முதல் கோல். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோல், போட்டவர் தனபால் கணேஷ், எங்கள் வியாசர்பாடிப் பையன். என் தம்பி சின்ன வயதில் ஆடிய அதே தெருக்களில் ஆடி வந்தவர். ஸ்டாண்டில் எங்கள் ஏரியா ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட. 3-0 ஜெயித்து, நாலு நாள் கழித்துப் பெங்களூரை அவர்கள் மைதானத்திலேயே 3-2 ஜெயித்து இரண்டாவது கோப்பையும் வந்தது. மய்ல்சன் ஆல்வ்ஸ் தலையால் போட்ட இரண்டு கோலை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு ஏற்றமும் இறக்கமுமாகத்தான் போகிறது. 2020 இறுதி ஆட்டத்தைக் கொரோனாவால் ரசிகர்களே இல்லாத காலி மைதானத்தில் ஆடித் தோற்றோம். வேறு அணிகளுக்குப் போன நம் பையன்களையும் விடாமல் பார்க்கிறேன். 2023 டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை ஒற்றை கோலில் வீழ்த்திய நந்தகுமார் சேகர் சென்னைப் பையன்தான்.

உங்கள் மகளுக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணியையும் அவளுக்குக் காட்டுங்கள். 2018இல் மணிப்பூரை இறுதியில் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனவர்கள், 2023இல் ஹரியானாவை ஜெயித்து மறுபடியும் வாங்கினார்கள். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், போலீசில் வேலை. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீகையே ஜெயித்தது. இதையெல்லாம் அவள் பள்ளியில் சொன்னால் மாட்ரிட் ரசிகர்களும் நின்று கேட்பார்கள்.

அசோக் நகரிலிருந்து

மூன்று பேருக்கும் நன்றி. மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வியாசர்பாடி அக்காவிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். ஸ்டேடியத்துக்குச் சின்னப் பெண்ணோடு வந்தால் எங்கே உட்காரலாம்? கூட்டம் எப்படி இருக்கும்?

வியாசர்பாடியிலிருந்து

தாராளமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குடும்பம் குடும்பமாகத்தான் வருகிறார்கள். பி ஸ்டாண்டில் டிரம், பாட்டு, கொடி எல்லாம் இருக்கும், தொண்ணூறு நிமிடமும் உட்கார விடமாட்டார்கள். முதல் தடவைக்கு அதை ஒட்டிய ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள், சத்தமும் கேட்கும், ஆட்டமும் நிதானமாகத் தெரியும். நடுவில் ஓட்டப் பாதை இருப்பதால் மைதானம் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், அதனால் ரொம்பக் கீழ் வரிசை வேண்டாம், மேலே போனால் பந்து எங்கே போகிறது என்று குழந்தைக்கு நன்றாகப் புரியும். அசோக் நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். கேரளா ஆட்டத்துக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுங்கள், அன்றைக்கு அவர்களும் பெரிய கூட்டமாக வருவார்கள். நீல நிறத்தில் ஏதாவது சட்டை அவளிடம் இருந்தால் போதும், ஜெர்சி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.