பிரேக் ‘விடாப்பிடி’: கலைச்சொல் முன்மொழிவு

> மோட்டார்ஹோம் (வீட்டு வசதியுள்ள வண்டி) பராமரிப்புக் கையேட்டில் பிரேக் லாக், பிரேக் டிராக் இரண்டுக்குமே ‘சக்கரப் பூட்டு’ என்று போட்டிருக்கிறோம். அப்படியே விடலாமா?

வேண்டாம் ஐயா. ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் சறுக்குவது ஒன்று, அதைத் தடுக்கும் மின்னணு அமைப்புதான் ஏபிஎஸ். காலை எடுத்த பிறகும் பிரேக் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உரசிக்கொண்டே வருவது வேறு. முன்னது ‘சக்கர உறைவு’, பின்னது ‘விடாப்பிடி’ என்று வைக்கலாம். சக்கரப் பூட்டு என்றால் போலீஸ் மாட்டுவதுதான் நினைவுக்கு வரும்.

> விடாப்பிடி மனிதக் குணமாயிற்றே! பட்டறையில் சொல்லும் ‘பிரேக் ஜாம்’ போதாதா?

பேச்சுக்குப் போதும். கையேட்டுக்கு எங்கே ஜாம் என்று தெரிய வேண்டும். விடாப்பிடியோடு இடப்பெயரைச் சேர்த்துவிட்டால் சோதனையும் அதிலேயே வந்துவிடும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், பிடித்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறினால் தானே விட்டுவிடும், பட்டறையில் ஒன்றும் தெரியாது. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சூடேறிய சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மிதிப் பக்கத்தில் தொடங்கிச் சக்கரம் நோக்கி வாருங்கள்.

முதலில், மிதித்ததும் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் ‘சிலிண்டர் விடாப்பிடி’. மிதிக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள தள்ளுதண்டுக்கு இடைவெளி இல்லாததால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். ஓட ஓட எண்ணெய் விரிந்து பிரேக்கைத் தானே இறுக்கும். பெரும்பாலும் இரு பக்கமும் சேர்ந்தே பிடிக்கும்.

விடுபடாவிட்டால் இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸைச் சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். இப்போது விட்டால் கோளாறு ஏபிஎஸ் பெட்டியிலோ நசுங்கிய குழாயிலோ. அதற்கும் விடாமல் சக்கரத்தருகே எண்ணெயை வெளியேற்றும் பிளீடர் திருகைத் திறந்ததும் விட்டால் ‘ஹோஸ் விடாப்பிடி’: உள்சுவர் உரிந்து ஒருவழி வால்வாகிவிட்டது. மிதிக்கும் அழுத்தம் போகும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும். பிளீடர் திறந்தும் விடவில்லையா? ‘காலிப்பர் விடாப்பிடி’: பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் காலிப்பர்; அது நகர்ந்துகொடுக்கும் நகர்ஊசி துருப்பிடித்திருக்கும், அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கும்.

> இடப்பெயர் சேர்ப்பதற்கு என் ஓட்டு. ஆனால் பெரிய டீசல் வண்டிகளில் ஏர் பிரேக்.

அதை இந்தப் பெயரில் சேர்க்க வேண்டாம். காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவுக்கு இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும். 45-க்கும் 20-க்கும் இடையில் காற்று அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங் பிரேக் முழுதாக விழும். பிரேக் தன் வேலையைத்தான் செய்கிறது, கோளாறு கசிவில். ‘காற்றிழப்புப் பிடி’ என்று தனிப் பதிவு போடலாம். ஸ்பிரிங் அறையின் கிளாம்ப்பைக் கழற்றவே கூடாது என்ற எச்சரிக்கையை அந்தப் பதிவிலேயே தடித்த எழுத்தில் போடுங்கள்.

விடாப்பிடிப் பதிவில் இன்னொரு வரி: எந்த வகையானாலும், சூடேறிய எண்ணெயை முழுதாக மாற்ற வேண்டும். டாட் 3 தரப் பிரேக் எண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 தான்.