பல்வேரில் கட்டி (சிமென்டோபிளாஸ்டோமா) வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசகி:
கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல். அப்போது எனக்கு 23 வயது. சொத்தை கிடையாது, ஆனால் மாதக்கணக்கில் குத்து. பனடோல் போட்டால் அடங்கும், அப்புறம் திரும்பத் தொடங்கும். ஒரு கிளினிக்கில் படத்தைப் பார்த்ததும் நரம்பு செத்துவிட்டது என்று ரூட் கனாலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை, வேறொரு டொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து அந்தப் பல்லில் வைத்தார். கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். "உயிரோட இருக்கிற பல்லு தங்கச்சி, இதுக்கு எதுக்கு ரூட் கனால்?" என்றார். எக்ஸ்ரேயில் வேர் நுனியையே காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு. பல்லோடு சேர்த்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. ஆனால் ஒரு பஞ்சுத் துண்டு வேலை. அதை முதல் கிளினிக்கில் ஏன் செய்யவில்லை? இன்றைக்கும் அதுதான் மனதை அரிக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
எனக்கும் வெள்ளைதான், கீழ் முன்பல்லுகளுக்கு அடியில். வேறு ஏதோவுக்கு ஓபிஜி (முழுத் தாடைக்குமான எக்ஸ்ரே) எடுத்தபோது கண்டது. வலியே இல்லை. டொக்டர் கைவைக்கவில்லை, இடைக்கிடை படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். நீங்கள் அவசரப்பட்டிட்டீங்களோ தங்கச்சி? நல்ல பல்லு போயிட்டுதே.

தெஹிவளைத் தம்பி:
அக்கா, குறை நினைக்காதீங்க, உங்களுடையது வேறு. நடுவயதுப் பெண்களுக்கு முன்பல் வேர்களில் வருவது பெரும்பாலும் சிமென்டோ-ஒசியஸ் டிஸ்பிளேசியா என்ற எலும்பு மாற்றம். அதைச் சும்மா விடலாம். தங்கச்சிக்கு வந்தது வேரோடு ஒட்டிப் பிடித்து வளர்ந்துகொண்டே போகும், எலும்பை வெளியே தள்ளும். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் 30 வயதுக்குக் கீழ். பாதிக்குக் கிட்ட அதே கீழ் முதல் கடைவாய்ப்பல்தான்.

என் அண்ணாவுக்கு எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். தட்டில் பல் 'டங்' என்று விழுந்தது, வேரில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. கொஞ்சம் உள்ளே மிஞ்சியிருக்கிறது, பிறகு அதே இடத்தில் திரும்பி வந்தது.

அதனால் சொல்கிறேன். எடுத்த இடத்தைச் சுரண்டித் துப்புரவாக்கினார்களா என்று கேளுங்கள். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது எக்ஸ்ரேயையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள். நுணுக்குக்காட்டியில் இது ஒஸ்டியோபிளாஸ்டோமா என்ற எலும்புக் கட்டி மாதிரியே தெரியும். வேரோடு ஒட்டியிருப்பதை வைத்துத்தான் பிரித்துச் சொல்லுவார்கள். கட்டி என்று கேட்டதும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியை நினைத்து நித்திரையைக் கெடுக்காதீர்கள், இது புற்றுநோய் இல்லை. கராம்பு எண்ணெய், வெந்நீர் ஒத்தடம் எதுவும் இதைக் கரைக்காது. பிறகும் படம் எடுக்கப் போங்கள், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, எடுத்த பல்லை வீட்டுக்குக் கேட்காதீர்கள், லேபுக்குப் போகட்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
சரி தம்பி. ஆனால் எனக்கு 38 தான், அதற்குள் நடுவயதாக்கிட்டீங்களே.

வெள்ளவத்தை வாசகி:
அக்கா, வலியோடு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தால் நீங்களும் எடுத்திருப்பீங்க. தம்பி, சுரண்டினவை, ரிப்போர்ட்டில் போட்டிருக்கு. இப்ப அந்த இடம் ஓட்டையாக இருக்கு. எலும்பு நிரம்பினதும் இம்பிளான்ட் போடலாம் என்கிறார்கள். போட்டவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு காலம் பொறுத்தீர்கள், கொழும்பில் என்ன செலவாச்சு என்று எழுதுங்கோ.