ஐஸ் பெட்டி மூடிக்கு அச்சு எடுத்த அனுபவம்

திருக்கடலூரிலிருந்து:

ரெசினும் கண்ணாடி நாரும் சேர்த்து வார்க்கிற பைபர் வேலையில் அச்சு சுருங்கிக் கஷ்டப்பட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் அனுபவத்தை எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

போன வைகாசியில், ஒரே நாளில் கடலுக்குப் போய்த் திரும்பும் படகுகளுக்கு ஐஸ் பெட்டி மூடி கேட்டு வந்தார்கள். ஒரே அளவில் இருபது மூடி. நீளம் 900 மில்லிமீட்டர், அகலம் 600, நாலு பக்கமும் 60 மில்லிமீட்டர் விளிம்பு கீழே இறங்கும். அந்த விளிம்பு பெட்டியின் வாயைச் சுற்றி உட்கார வேண்டும். விட்ட இடைவெளி 2 மில்லிமீட்டர்தான்.

மரவேலை செய்யும் எங்கள் ஓடாவி அண்ணன், அச்சு எடுப்பதற்கான மாதிரியைப் பிளைவுட்டில் செய்து தந்தார். பட்டி போட்டு, 1000 நம்பர் வாட்டர் பேப்பர் வரை தேய்த்து, மெழுகு பூசி, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தோம். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவசரப்பட்டோம். கச்சான் காற்று அனலாக வீசுகிற மத்தியானத்தில், முகத்துக்கு வரும் முதல் ரெசின் பூச்சான கெல்கோட் இறுகியதும், ஒரே மூச்சில் ஆறு மெட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டோம். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 20 கிராம். அரை மணியில் கை வைக்க முடியாத சூடு. மறுநாள் காலையே அச்சை மாதிரியிலிருந்து கழற்றியும் விட்டோம்.

டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பளபளப்பாக இருக்க வேண்டிய அச்சின் முகத்தில் மெட்டின் நார் ஒவ்வொன்றும் தடம் விட்டிருந்தது. இரும்பு ரூலரை நடுவில் வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது. அதில் வார்த்த முதல் மூடி 895 மில்லிமீட்டர். பெட்டியில் இறங்கவே இல்லை.

பொலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் சுமார் 7 சதவீதம் சுருங்கும். கண்ணாடி நார் சுருங்காது. ரெசின் இழுக்க, நார் மறிக்க, அந்தச் சண்டை முகத்தில் தடமாக விழுகிறது. அதோடு, அச்சு ஒருமுறை சுருங்குகிறது, அதில் வார்க்கும் மூடி இன்னொருமுறை சுருங்குகிறது. இந்த இரண்டாவது சுருக்கத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

இரண்டாம் தடவை, முதலில் கண்ணாடிப் பலகை மேல் அதே ரெசின், அதே மெட்டில் ஒரு மீட்டர் பட்டை வார்த்து ஒரு வாரம் விட்டு அளந்தேன். 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைந்திருந்தது. அதை இரண்டு தடவைக்கும் சேர்த்து மாதிரியின் நீளத்தில் கூட்டினோம். வேலையைக் காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். ஹார்ட்னரை 12 கிராமாகக் குறைத்தோம். வெயிலுக்குப் பயந்து 10 கிராமுக்குக் கீழே போகாதீர்கள். அரைகுறையாக இறுகிய ரெசின் பிறகு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

கெல்கோட்டுக்கு மேல், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மெட் ஒன்றே ஒன்று. காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி, அதோடு அன்றைய வேலையை நிறுத்தினோம். முகத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு படைதான். மறுநாளிலிருந்து 450 கிராம் மெட், நாளுக்கு இரண்டு. மூடியைப் போல இரண்டு மடங்கு தடிப்பு வந்த பிறகும் ஒரு வாரம் அப்படியே விட்டு, அதற்குப் பிறகே முதுகில் மரச் சட்டம் ஒட்டினோம். முன்பே ஒட்டினால் சட்டத்தின் கோடு முன்பக்கம் தெரியும். அச்சு மாதிரியை இறுக்கிப் பிடித்தபடியே மொத்தம் மூன்று வாரம் கிடந்தது. கழற்றும்போது மர ஆப்பு வைத்து, இடுக்கில் தண்ணீர் ஊற்ற, ‘டப்’ என்று விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது. இருபது மூடியும் உட்கார்ந்தன.

கிண்ணியாவிலிருந்து:

நல்ல பதிவு அண்ணா. மூலையைப் பற்றி நான் சொல்கிறேன். தொண்ணூறு பாகை மூலை, இறுகிய பிறகு ஒரு பாகை அளவு உள்ளே மடங்கும். தடிப்பின் பக்கம் சுருங்குகிற அளவுக்கு நீளத்தில் சுருங்காததால் வருவது அது. உங்கள் மூடி இறங்காமல் போனதற்கு விளிம்பு உள்ளே சாய்ந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நான் இப்போது மாதிரியிலேயே விளிம்பை இரண்டு மூன்று பாகை வெளியே விரித்து விடுகிறேன். கழற்றவும் லேசு. மூலையைக் கூராக விடாமல் விரல் நுனி அளவுக்கு உருட்டியும் விடுவேன். கூரான மூலையில் மெட் ஒட்டாமல் எழும்பி, பின்னால் வெறும் கெல்கோட் மட்டும் நின்று உடைந்துபோகும்.

நிலாவெளியிலிருந்து:

எனக்கு நடந்தது மாரி காலத்தில். மழை விடாத கார்த்திகையில் ஒரு சுக்கான் அச்சைக் கழற்றி, இடமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தேன். பத்து நாளில் அது முறுகிப் போயிருந்தது. இப்போது அச்சைச் சமமான மேசையில் குப்புற வைப்பேன், அல்லது உள்ளே ஒரு பழைய வார்ப்பைப் போட்டே வைப்பேன். இன்னொன்று, புதிதாக வரும் தம்பிமாருக்கு: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர்.

திருக்கடலூரிலிருந்து:

கிண்ணியாத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் அந்தப் பழைய மூடியில் மட்டம் வைத்துப் பார்த்தேன். நாலு விளிம்பும் உள்ளே சாய்ந்துதான் இருக்கின்றன. அடுத்து என்ஜின் மூடி ஒன்று வருகிறது. மாதிரி செய்யும்போதே விரித்து விடச் சொல்லி ஓடாவி அண்ணனிடம் சொல்லியாயிற்று.