இழுவை வீடு 60ஐத் தாண்டினால் வாலை ஆட்டுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் உதவி தேவை

கூடாரம் | திங்கள், இரவு 9.42

வணக்கம். அவசரம். ஜீப்பின் பின்னால் கொழுவி இழுக்கிற சிறிய படுக்கை வீடு ஒன்றை ஒட்டுவேலைக் கடையில் கொடுத்துச் செய்வித்தேன். நேற்றுத்தான் முதல் தடவையாக வீதியில் இறக்கினேன். கைதடி, சாவகச்சேரி வரை ஒரு குறையும் இல்லை. கொடிகாமம் கழிந்து வெறும் வீதி கிடைத்ததும் சற்று மிதித்தேன். 60ஐத் தாண்டியதும் ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடமும் வலமுமாக உலுப்புவது போல இருந்தது. மனைவி கத்த, நான் பிரேக்கை அழுத்த, ஆட்டம் இன்னும் கூடியது. எதிரே பஸ் வேறு. எப்படித் தப்பினோம் என்று தெரியவில்லை. 40இல் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். வெள்ளி காலை பிள்ளைகளுடன் நிலாவெளிக்குப் புறப்பட வேண்டும். என்ன செய்யலாம்? எல்லாம் புதுச் சாமான்.

சுன்னாகம் சில்லு | திங்கள், இரவு 9.55

என்ன ஜீப்? எங்கள் ஊரில் நான்கு சில்லும் கொஞ்சம் உயரமாக இருந்தால் எல்லாமே ஜீப்தான். இழுவை வீட்டின் நிறை என்ன? ஓர் அச்சா, இரண்டு அச்சா? ரயருக்கு எவ்வளவு காற்று? "புதுச் சாமான்" என்றால் ரயரும் புதிதா, அல்லது மேலே மட்டும் புதிதாகத் தோல் போர்த்ததா? எனக்கு ரயரில்தான் சந்தேகம். பத்தில் ஒன்பது வருத்தத்துக்கு ரயர்தான் காரணம்.

கச்சான் | திங்கள், இரவு 10.03

முறிகண்டிக்குப் போகாமல் பாதியில் திரும்பினால் பிள்ளையார் எப்படிக் காப்பாற்றுவார்? வெள்ளிக்கிழமை முதலில் தேங்காயை உடையுங்கள். வரும்போது எனக்கு ஒரு பை கச்சான்.

தொண்டைமானாறு | திங்கள், இரவு 10.20

இது குறுக்குக் காற்று. உயரமான பெட்டியின் பக்கச் சுவர் பாய் போலக் காற்றைப் பிடிக்கும். சோளகம் வீசும் நாளில் ஆனையிறவில் வெறும் வானே விலகும். இரண்டு பக்கமும் நீர், மறைப்புக்கு ஒரு மரமும் இல்லை. காலை ஆறு மணிக்கு முன்னர் அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள்.

மெல்பேர்ண் மருமகன் | செவ்வாய், காலை 5.10

மாதம் ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். நிறையைச் சொல்வதில்லை, நீளத்தைச் சொல்வதில்லை, "புதுச் சாமான்" என்று மட்டும் சொல்கிறார். பதினான்கு ஆண்டுகளாக இங்கே இழுவை வீடு இழுக்கிறேன். சந்திரனுக்குப் போகிற வித்தை ஒன்றும் இல்லை. இழுக்கிற வாகனத்தின் பின்னால் இருக்கிற கொழுவிக் குண்டின் மீது இறங்குகிற நிறை மொத்த நிறையில் ஏறத்தாழ 10 வீதம் இருக்க வேண்டும். அதை அளக்காதவர் வீதிக்கு வரக்கூடாது. முதலில் அளந்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

பரந்தன் உழவன் | செவ்வாய், காலை 6.31

முப்பது வருடம் ட்ரக்டரில் பெட்டி இழுக்கிறேன். நெல்லும் ஏற்றினேன், மணலும் ஏற்றினேன், கலியாண வீட்டுச் சனமும் ஏற்றினேன். ஒரு நாளும் ஆடியது கிடையாது. எந்தத் தராசிலும் வைத்து அளந்ததும் கிடையாது. ஆடத் தொடங்கினால் ஒரு மிதி கூட மிதிக்க வேண்டும். முன்னால் இழுபட்டால் பின்னால் இருப்பது நேராகிவிடும்.

ஜேர்மன் குளிர் | செவ்வாய், காலை 11.48

உழவன் அண்ணை, குறை நினைக்க வேண்டாம், அந்தக் கடைசி வரி ஆளைக் கொல்லும். ஒரு வேகத்துக்கு மேல் ஆட்டம் தானாகவே வளரும். வேகத்தைக் கூட்டினால் அதற்குத் தீனி போடுகிறோம். ஆடத் தொடங்கியதும் எக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும், ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஒடித்துச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் முன்வண்டி நிற்கப் பார்க்கும், பின்வண்டி தள்ளும். கூடாரத்துக்கு நடந்தது அதுதான். உங்கள் ட்ரக்டர் ஆடாததற்குக் காரணம் நீங்கள் 60இல் போகாததுதான்.

இங்கே காரில் இழுவை வண்டி பூட்டினால் பொதுவாக 80தான் எல்லை. 100இல் போகத் தனி அனுமதி வேண்டும். பயந்து போட்ட சட்டம் இல்லை.

மருமகன் அண்ணைக்கும் ஒன்று: 10 வீதம் என்பது உங்கள் ஊர்க் கணக்கு. ஐரோப்பாவில் 5இல் இருந்து 7 வீதம் வரை போதும் என்கிறார்கள். கார்க் கொழுவிகளும் அதற்கேற்பத்தான் செய்யப்படுகின்றன.

கூடாரம் | செவ்வாய், மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. ஜீப் பிராடோ, 2012. ரயர் நான்கும் புதிது. நேற்று முன்தினம் பனையோலைகூட அசையவில்லை, ஆகவே காற்று இல்லை. அச்சு ஒன்று. பாரம் அதிகம் இல்லை, படுக்கையும் சின்னச் சமையல் தட்டும்தான். படம் இணைத்திருக்கிறேன். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்: பிரேக்கை மிதித்தால் பின்னால் சிக்னல் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

சுன்னாகம் சில்லு | செவ்வாய், மதியம் 1.22

ரயர் நான்கு என்றால் பிராடோவின் ரயர். நான் கேட்டது இழுவை வீட்டின் ரயர்.

வல்லை வண்டிக்காரர் | செவ்வாய், பிற்பகல் 3.05

தம்பி, படத்தைப் பேரனிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. பின்சுவரில் ஸ்பெயார் சில்லு தொங்குகிறது. அதற்குக் கீழே கறுப்பாக இருப்பது என்ன, தண்ணீர்த் தாங்கியா?

என் ஐயா மாட்டு வண்டி வைத்திருந்தவர். விறகு ஏற்றி முடிந்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். இலேசாக எழும்பினால் "பின்பாரம்" என்று சொல்லி அவிழ்த்து மறுபடி அடுக்கச் சொல்வார். பின்பாரம் ஏற்றிய வண்டியில் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும், வண்டியும் சொல் கேளாது. முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் மாடு முழங்காலில் விழும். கொஞ்சம் முன்பாரம், அவ்வளவுதான். இந்த மெல்பேர்ண் பிள்ளை சொல்கிற 10 வீதமும் அந்த முன்பாரம்தானே?

கூடாரம் | செவ்வாய், பிற்பகல் 3.40

ஓம் ஐயா, தண்ணீர்த் தாங்கி. 100 லீற்றர். குளிக்க. கடைக்காரர்தான் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பின்னால் வைத்தார். நேற்று முன்தினம் நிறைய இருந்தது. தண்ணீர் ஒரு பாரமா?

மெல்பேர்ண் மருமகன் | செவ்வாய், பிற்பகல் 3.52

100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. இதைப் பாடசாலையில் படிப்பிப்பதை நிறுத்திவிட்டார்களா?

ஜேர்மன் குளிர் | செவ்வாய், மாலை 5.30

கேலியை விடுங்கள், அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்.

கூடாரம், வீட்டில் ஆள் ஏறி நிறை பார்க்கிற தராசு போதும். பெட்டியின் சில்லுகளுக்குக் கல் வைத்து, பயணத்துக்கு ஏற்றுகிற எல்லாவற்றையும் ஏற்றி, பெட்டியை மட்டமாக நிறுத்துங்கள். ஒரு பலமான பலகை. அதன் ஒரு முனையைச் செங்கல்லின் மேல் வைத்த குழாயில் வையுங்கள், மறு முனையைத் தராசில். குழாயில் இருந்து ஒரு பங்கு தூரத்தில் பெட்டியின் மூக்கு, அதிலிருந்து இரண்டு பங்கு தூரத்தில் தராசு. தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கு நிறை. பலகையின் சொந்த நிறை எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பார்த்துக் கழித்துவிடுங்கள். மொத்த நிறைக்கு நெல் ஆலைத் தராசு. கூடவே அச்சில் இருந்து குண்டு வரையும், அச்சில் இருந்து தாங்கியின் நடு வரையும் அளந்து எழுதுங்கள்.

பரந்தன் உழவன் | செவ்வாய், மாலை 6.10

வண்டிக்காரர் ஐயா சொன்னது பார வண்டிக்குச் சரி. பந்தயத்தில் ஓடுகிற சவாரி வண்டிக்குப் பொருந்தாது. சவாரியில் பின்பாரம் இருந்தால்தான் மாட்டின் கழுத்து இலேசாகி மாடு பறக்கும்.

வல்லை வண்டிக்காரர் | செவ்வாய், மாலை 6.44

யார் சொன்னது? சவாரி வண்டியில் பாரமே ஓட்டுகிறவன் ஒருவன்தான். அவன் முன்னுக்கு ஒட்டி நிற்பான், துவரந்தடி மாட்டுக்கு எட்ட வேண்டாமா? பின்னுக்குப் போனால் வாலைப் பிடிக்கவும் எட்டாது.

பரந்தன் உழவன் | செவ்வாய், மாலை 6.51

நான் என் கண்ணால் பார்த்தேன் ஐயா. முதற் பரிசு எடுத்தவன் பின்னுக்குச் சாய்ந்துதான் நின்றான்.

வல்லை வண்டிக்காரர் | செவ்வாய், மாலை 7.02

மாடு இழுத்த இழுப்பில் சாய்ந்திருப்பான். அதைப் பாரம் வைத்தது என்று சொல்ல முடியாது.

தொண்டைமானாறு | செவ்வாய், மாலை 7.15

சவாரித் தரையிலும் காற்று முக்கியம்.

கச்சான் | செவ்வாய், மாலை 7.16

கூடாரத்தின் பிராடோவை அவிழ்த்துவிட்டு இரண்டு சவாரி மாட்டைப் பூட்டிப் பார்க்கலாமா? நிலாவெளிக்கு முன்னர் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

கூடாரம் | புதன், இரவு 8.20

அளந்தேன். ஆலையில் மொத்தம் 620 கிலோ, தண்ணீருடன். பலகையைக் கழித்துத் தராசு 6 காட்டியது. ஆகவே 18. அச்சில் இருந்து குண்டு 2.6 மீற்றர். தாங்கியின் நடு அச்சுக்குப் பின்னால் 1.1.

ஜேர்மன் குளிர் | புதன், இரவு 9.05

620இல் 18 என்றால் 3 வீதம்கூட இல்லை. எந்த நாட்டுக் கணக்கிலும் தேறாது. மருமகன் அண்ணையும் நானும் இதில் சண்டை பிடிக்கத் தேவை இல்லை.

கிணற்றுத் துலாவை நினையுங்கள். அச்சுத்தான் ஆடுகால். பின்பக்கம் 100 கிலோ ஏறி நின்றால் நுனி எழும்பத்தானே செய்யும்? 100ஐ 1.1ஆல் பெருக்கி 2.6ஆல் பிரித்தால் 42. தாங்கி மட்டுமே மூக்கில் இருந்து 42 கிலோவைத் தூக்கிவிட்டது. தாங்கியை வெறுமையாக்கினால் மூக்கு 60 கிலோ, மொத்தம் 520. 11 வீதத்துக்கு மேல். ஒரு திருகாணியும் கழற்றாமல் வேலை முடிந்தது.

அரைத் தாங்கியுடன் ஓட வேண்டாம். உள்ளே தண்ணீர் அலையும். நிலாவெளியில் நிரப்புங்கள், புறப்படும்போது திறந்துவிடுங்கள். வந்த பிறகு ஆறுதலாகத் தாங்கியை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ மாற்றச் சொல்லுங்கள்.

மெல்பேர்ண் மருமகன் | வியாழன், காலை 4.55

கணக்குச் சரி. ஸ்பெயார் சில்லையும் கழற்றிப் பிராடோவுக்குள் போடுங்கள். வால் நுனியில் தொங்குகிற 15 கிலோ அச்சருகே இருக்கிற 15 கிலோ மாதிரி இல்லை. ஆடத் தொடங்கினால் நிற்க விடாது. பெட்டியின் மூக்கு வானம் பார்ப்பதற்குக் காரணம் பிராடோவின் குண்டு உயரமாக இருப்பது. குண்டைக் கீழே இறக்குகிற வளைந்த தட்டு ஒன்று போடுங்கள். பெட்டி மட்டமாக, இல்லாவிட்டால் மூக்கு ஒரு விரல் தாழ்ந்து நிற்க வேண்டும். பெட்டியில் தனிப் பிரேக் இல்லை என்று படத்தில் தெரிகிறது. 620 கிலோவுக்கு, இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுள்ள பிராடோவில், சமாளிக்கலாம். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத பெட்டிக்கு 750 கிலோ எல்லை. அதற்கு மேல் ஏற்றினால் என்னிடம் வராதீர்கள்.

இதை முதல் நாளே சொல்லியிருப்பேன், நிறை தெரிந்திருந்தால்.

சுன்னாகம் சில்லு | வியாழன், காலை 7.30

சிக்னல் விளக்கு விடயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிரேக் மிதிக்கும்போது சிக்னல் மங்கலாக எரிந்தால் அது பூமி வயர். ஏழு ஊசிச் சொருகியில் மூன்றாவது ஊசி, வழக்கமாக வெள்ளை வயர். மின்சாரம் திரும்பி வர வழி இல்லாமல் மற்ற பல்புகளுக்குள்ளால் வழி தேடுகிறது. அந்த வயர் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் பொருந்துகிற இடத்தில் பெயின்ரைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து முறுக்குங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த பெட்டியில் இது வராவிட்டால்தான் புதினம். ஆட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, ஆனால் இரவில் பின்னால் வருகிற லொறிக்காரனுக்கு நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று தெரியாது.

ரயரில் எவ்வளவு காற்று என்று இன்னும் சொல்லவில்லை.

பரந்தன் உழவன் | வியாழன், காலை 8.12

குளிர் தம்பி, நேற்று இரவு யோசித்துப் பார்த்தேன். ட்ரக்டரில் 25க்கு மேல் போனதில்லை என்பது உண்மைதான். வேகத்தைக் கூட்டச் சொன்னதை மட்டும் எடுத்துவிடுகிறேன். சவாரி விடயத்தை எடுக்க மாட்டேன்.

கூடாரம் | வியாழன், இரவு 10.48

தாங்கியைத் திறந்துவிட்டேன். ஸ்பெயார் சில்லு ஜீப்புக்குள். தராசு 23, மூன்றால் 69. வளைந்த தட்டு சுன்னாகத்தில் ஒருவர் செய்து தந்தார். மிருசுவில் வரை போய் வந்தேன். 70 வரை ஆடவில்லை. அதற்கு மேல் மிதிக்க மனைவி விடவில்லை. நாளை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம். வண்டிக்காரர் ஐயாவுக்குப் பெரிய நன்றி.

மெல்பேர்ண் மருமகன் | வெள்ளி, காலை 5.20

நன்றி ஐயாவுக்கா? சரி.

சுன்னாகம் சில்லு | வெள்ளி, காலை 6.02

வெள்ளை வயர்?

வல்லை வண்டிக்காரர் | ஞாயிறு, மாலை 4.30

தம்பி, போய்ச் சேர்ந்தீர்களா? திரும்பி வரும்போது தாங்கியைத் திறந்துவிட மறக்க வேண்டாம்.

சுன்னாகம் சில்லு | செவ்வாய், காலை 7.11

வயரைச் சுரண்டினீர்களா, இல்லையா? காற்று எவ்வளவு?

கச்சான் | செவ்வாய், காலை 7.15

கச்சானும் வரவில்லை.