பாங்காக்கில் கணவன் மனைவியாக நான்கு நாள்: போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊர்சுற்றி:

பாங்காக் போகிறவர்கள் எல்லாரும் 'என்னென்ன பார்க்கலாம்' என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை மணிக்கு' என்பது. பதினொரு மணிக்கு மேல் கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனையின் கல்தளத்தில் நின்றால் ஒருவருக்குத் தலைவலி வரும், இன்னொருவருக்குக் கோபம் வரும். அன்றைய நாள் அத்தோடு போச்சு.

அதனால் முதல் நாளை ஆற்றுக்குக் கொடுங்கள். பிடிஎஸ் ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி 2ஆம் வாசலில் வெளியே வந்தால் சாத்தோன் படகுத்துறை. அங்கே நிற்கும் படகெல்லாம் ஒன்றல்ல. ஆரஞ்சுக் கொடி கட்டியது ஊர்க்காரர்கள் போகும் படகு, எங்கே இறங்கினாலும் 16 பாட். நீலக்கொடி சுற்றுலாப் படகு. அதற்குக் கட்டணம் அதைவிட அதிகம். துறையில் குரல் கொடுத்து அழைப்பவர்கள் உங்களை நீலக்கொடிப் பக்கம்தான் திருப்பிவிடுவார்கள். பேசாமல் ஆரஞ்சு வரிசையில் போய் நில்லுங்கள். படகில் நீளமான தகர உருளை ஒன்றைக் கிலுக்கிக்கொண்டு நடத்துநர் வருவார். அதற்குள்தான் சில்லறையும் சீட்டும். 20 பாட் நோட்டு கையில் இருந்தால் வேலை சுலபம். 1000 பாட்டை நீட்டினால் முகம் மாறும்.

படகு துறையில் கட்டி நிற்காது. பின்பக்கம் உரசும், ஒருவர் விசில் ஊதுவார், அரை நிமிடத்தில் கிளம்பிவிடும். இறங்க வேண்டிய துறைக்கு முந்தைய துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்துவிடுங்கள். இருவரில் ஒருவர் இறங்கி மற்றவர் படகிலேயே போவது அடிக்கடி நடப்பதுதான். அப்படி ஆனால் இறங்கியவர் அசையாமல் அங்கேயே நிற்க வேண்டும், போனவர் அடுத்த துறையில் இறங்கித் திரும்ப வேண்டும். இருவரும் தேடக் கிளம்பினால் பிறகு சந்திப்பதே பெரிய பாடு. பின்பக்கத்தில் பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கும், அங்கே நிற்காதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடாமல், அவர்கள்மேல் படாமல் தள்ளி நிற்பது அங்கே வழக்கம்.

அரண்மனைக்குத் தா சாங் துறை. சாங் என்றால் யானை, தா என்றால் துறை. அரண்மனை யானைகள் குளித்த இடம். 8:30க்குக் கதவு திறக்கும்போது வாசலில் இருக்க வேண்டுமானால் சாத்தோனில் 7:45க்காவது படகு ஏறிவிட வேண்டும். மாலை 3:30க்குச் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஆளுக்கு அரண்மனை 500 பாட், வாட் போ கோயில் 300, வாட் அருண் கோயில் 200. இரண்டு பேருக்கு ஒரே நாளில் 2000 பாட் நுழைவுச்சீட்டுக்கே போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் அரண்மனை வாசலில் கறார். முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத மேல்சட்டை போட்டுக்கொண்டு துப்பட்டாவால் தோளை மூடிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், திருப்பி அனுப்புவார்கள். புடவை, சுடிதார், முழு பேன்ட் எதற்கும் தடையில்லை. அரைக்கால் சட்டையோடு வந்த ஆண்கள் எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட தொளதொள பேன்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வருவது அங்கே தினசரிக் காட்சி.

அரண்மனைக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உயரம் 66 செ.மீ.தான், கல்லும் மரகதம் இல்லை, வேறொரு பச்சைக்கல். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் தனித்தனி ஆடை உண்டு. மாற்றுவது மன்னர். சந்நிதிக்குள் படம் எடுக்கக்கூடாது. ஆனால் நம்மவர்கள் பலர் தாண்டிப் போய்விடுவது சுற்றுப் பிராகாரத்தில் இருக்கும், ராமகியென் என்ற தாய்லாந்து ராமாயணத்தின் 178 ஓவியங்களைத்தான். வடக்கே தொடங்கி வலமாக வந்தால் கதை வரிசையாக வரும். நிழலும் அங்கேதான் இருக்கிறது. பச்சை நிறத்தில் இருப்பவர் ராவணன், அங்கே அவர் பெயர் தொசகான், அதாவது தசகண்டன். வெள்ளைக் குரங்கு அனுமன். இந்த அனுமன் பிரம்மச்சாரி இல்லை. அணை கட்டும்போது கல்லை உருவிக்கொண்டு போகும் மீன்கன்னியையே காதலித்து மணந்துகொள்கிறார். கம்பனில் ஊறியவர்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்கலாம்.

தெருக்கோடி:

ஊர்சுற்றி அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று. தா சாங்கிலிருந்து அரண்மனை வாசலுக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது' ஆள் நிற்பார். அந்தச் சந்திப்பு எப்போதும் இந்த வரிசையில்தான் நடக்கும்:

நேர்த்தியாக உடுத்திய நடுத்தர வயதுக்காரர், நல்ல ஆங்கிலம். முதலில் எந்த ஊர் என்று கேட்பார். பிறகு வருத்தத்தோடு, 'காலையில் பூஜை, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்' என்பார். உங்கள் கையில் இருக்கும் வரைபடத்திலேயே இரண்டு மூன்று கோயில்களை வட்டம் போட்டுக் கொடுப்பார். 'டுக் டுக்குக்கு 20 பாட்தான், அரசுச் சலுகை' என்று வண்டியையும் கைகாட்டிக் கூப்பிடுவார். வண்டி ஒரு கோயிலில் நிற்கும், அது நிஜக் கோயில்தான். அடுத்து நிற்பது ரத்தினக்கல் கடையில், அதற்கடுத்து தையல் கடையில். கடைக்குள் ஆள் நுழைந்தாலே ஓட்டுநருக்குக் கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ உண்டு. 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அந்தக் கணக்கில்தான்.

இதில் ஏமாறுவது முட்டாள்தனத்தால் அல்ல. கோயில் நடை சாத்துவது நமக்குப் பழகிய சங்கதி. மதியம் சாத்தி நான்கு மணிக்குத் திறப்பார்கள் என்று சொன்னால் நம் மனசு உடனே ஒத்துக்கொள்ளும். அங்கே அந்தப் பழக்கம் இல்லை. வாசல்வரை நடந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நின்று வாதாடாமல், சிரித்துவிட்டு நடையைக் கட்டினால் போதும். பின்னால் வரமாட்டார்கள்.

கல் வாங்கும் ஆசையே வேண்டாம். 'ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்' என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவரே ஏன் போய் விற்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மல்லிகைச்சரம்:

வாட் அருணில் தாய்லாந்து உடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது இப்போது தம்பதிகளிடம் பிரபலம். கோயிலைச் சுற்றி வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கட்டணம் உடையைப் பொறுத்தும் நகையைப் பொறுத்தும் மாறும். போட்டோ எடுப்பவருக்குத் தனி. விலை பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை படம், முன்பணம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

ஆண்களின் சோங் கிராபென் ஏறக்குறைய நம் பஞ்சகச்சம்தான். ஒரே துணியை இடுப்பில் சுற்றி, முன்முனைகளைச் சுருட்டி, காலிடுக்கு வழியாகப் பின்னால் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். கட்டிப் பழகியவர்களுக்குச் சிரமமே இல்லை. பெண்களின் சபாய் தாவணி மாதிரி ஒரு தோளில் மட்டும் வரும். இடுப்புத்துணி இறுக்கமாக இருப்பதால் எட்டி வைக்க முடியாது. கோபுரத்தின் படிகளோ ஏணி மாதிரி செங்குத்து. முதலில் சொந்த உடையில் மேலே ஏறிவிட்டு வந்து பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மேலே ஏறுவோர் மாடங்களைக் கவனியுங்கள். மூன்று தலை யானைமேல் இந்திரன் இருப்பார். எரவான் என்று அவர்கள் சொல்வது நம் ஐராவதத்தை.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. கோயில் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. காலையில் சூரியன் நேராக முகப்பில் விழுந்து, பதித்திருக்கும் சீனப் பீங்கான் சில்லுகள் மின்னும். மாலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடுவதால் எதிர்க்கரையிலிருந்து எடுத்தால் கருநிழல்தான் வரும். அதுவும் அழகுதான், ஆனால் முகம் தெரியாது. உடை உடுத்திப் படம் என்றால் காலை. எதிர்க்கரை மாடிக் கடையில் உட்கார்ந்து பார்க்க என்றால் மாலை.

ஊர்சுற்றி:

சரிதான் தங்கச்சி, ஆனால் அரண்மனைக்கும் காலைதானே வேண்டும்? இரண்டையும் ஒரே காலையில் அடைக்க முடியாது. படம்தான் முக்கியம் என்றால் வாட் அருணை இரண்டாம் நாள் காலைக்கு மாற்றுங்கள். முதல் நாள் அரண்மனை முடித்து, வாட் போவுக்கு நடந்து போய், 46 மீட்டர் நீளச் சயன புத்தரைப் பார்த்துவிட்டு அங்கேயே மசாஜுக்குப் படுத்துவிடலாம். தாய் மசாஜ் சொல்லிக்கொடுக்கும் பழைய பள்ளி அந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. சயன புத்தரின் பாதத்தைப் பார்க்காமல் வராதீர்கள். முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் இருக்கும். வாட் போவிலிருந்து வாட் அருணுக்கு தா தியென் துறையில் 5 பாட் படகு. வெயில் தாங்காவிட்டால் 2019இல் திறந்த சனாம் சாய் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

தயிர்சாதம்:

சைவக்காரர்களுக்கு. 'மீன் வேண்டாம், கறி வேண்டாம்' என்று சொன்னால் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை மட்டும் எடுத்துவிடுவார்கள். குழம்பு விழுதிலேயே இறால் அரைத்துச் சேர்த்திருக்கும். அதன் பெயர் கப்பி. அது முன்கூட்டியே அரைத்து வைத்த விழுது, அதிலிருந்து யாரும் பிரித்தெடுக்க முடியாது. வதக்கலில் 'நம் பிளா' என்ற மீன்சாறு விழும். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும்.

சொல்ல வேண்டிய வார்த்தை 'ஜே'. 'கின் ஜே' என்றால் புத்த முறைச் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இறைச்சி, மீன்சாறு, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் சேராது. ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். தாய் எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்று எழுதியது போலத் தெரியும். அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 'மங்சவிரத்' என்றும் ஒரு சொல் உண்டு. அதில் முட்டை வரலாம், அதனால் கூடவே 'மை சாய் காய்', முட்டை போடாதீர்கள், என்று சொல்லுங்கள். தெருவோர வாழைப்பழ ரொட்டிக்கும் இதே வாக்கியம் தேவைப்படும்.

மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிடலாம். மார்ச் முதல் மே வரை பழம் நன்றாக இருக்கும். பாஹுராட் பகுதி சீக்கியக் குருத்வாராவின் லங்கரில், அதாவது பொது உணவுக்கூடத்தில், காலையில் சாப்பாடு உண்டு. தலையை மூடிக்கொண்டு போங்கள், சாம் யோட் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான்.

பழஞ்சுவடி:

சாம் யோட் வரை போகிறவர்கள் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ராட்சத ஊஞ்சல். 21 மீட்டர் உயரத்துக்குச் சிவப்புத் தேக்குத் தூண்கள் மட்டும் நிற்கும், ஊஞ்சல் இருக்காது. பலகையில் நின்று ஆடி, கம்பத்தில் கட்டிய காசுமுடிப்பைப் பல்லால் கவ்வும் சடங்கு 1935இல் நின்றுபோனது. பக்கத்துத் தெருவில் சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதியோடு தேவஸ்தான் என்ற கோயில். தாய் பிராமணர்களுடையது, 1784இல் கட்டியது. நம் மார்கழி, தை ஒட்டி அங்கே நடக்கும் விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். பாடல்களின் உச்சரிப்பு காலப்போக்கில் மாறி, தமிழ்க் காதுக்கே சட்டென்று பிடிபடாது. சுற்றுலாப் பேருந்துகள் ஊஞ்சலில் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுப் போய்விடுகின்றன. நம்மவர்கள் அதோடு திரும்புவது நஷ்டம்.

சீலோம் சாலையும் பான் தெருவும் சேரும் முனையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1879இல் தமிழர்கள் கட்டியது. டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்றால் புரியாது. 'வாட் கேக்' என்று சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் இளநீரும் வாழைப்பழமும் அடுக்கிய தட்டோடு வருவார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. நவராத்திரி முடியும் விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையையே மூடுவார்கள். அன்று அந்தப் பக்கம் ஹோட்டல் எடுத்தவர்கள் டாக்ஸியை மறந்துவிட வேண்டியதுதான்.

தெருக்கோடி:

சதுசாக் சந்தை முழுமையாக இயங்குவது சனி, ஞாயிறில்தான். நான்கு நாளில் வார இறுதி வராவிட்டால் விட்டுவிடுங்கள். மெட்ரோவில் கம்பேங் பெட் நிலையத்தின் 2ஆம் வாசல் நேரே சந்தைக்குள் ஏறும். பிடித்த பொருளைக் கண்டால் 'திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்' என்று நகராதீர்கள், அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. யோசிக்க நேரம் வேண்டுமானால் கடைமேல் எழுதியிருக்கும் பிரிவு எண்ணையும் சந்து எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடம் நடுவில் இருக்கும் மணிக்கூண்டு.

ரயிலில் பலர் குழம்புவது: பிடிஎஸ் என்ற மேம்பால ரயில் வேறு, எம்ஆர்டி என்ற மெட்ரோ வேறு. அசோக்கில் இரண்டும் சந்தித்தாலும் வெளியே வந்து தனிச் சீட்டு எடுக்க வேண்டும். எம்ஆர்டி வாசலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது.

மல்லிகைச்சரம்:

இரவில் வந்து இறங்குகிறவர்களுக்கு வழி சொல்லுங்களேன்?

ஊர்சுற்றி:

விமானம் ஏறும் முன்பே டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், ஆளுக்கு ஒன்று. கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிவரவுத் துறையினுடையது அல்ல. மின்சிகரெட் வைத்திருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள், அந்த நாட்டில் அது சட்டவிரோதம்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரை விமான நிலைய ரயில், 45 பாட், அரை மணி நேரம். நள்ளிரவோடு நின்றுவிடும். பிறகு டாக்ஸிதான். வருகைக் கூடத்தில் விலை பேசுகிறவர்களைத் தாண்டிக் கீழே முதல் தளத்துக்கு இறங்குங்கள். அங்கே இயந்திரம் ஒரு துண்டுச்சீட்டு தரும், அதில் இருக்கும் எண்ணுள்ள தடத்தில் உங்கள் வண்டி நிற்கும். மீட்டர் சிறிய வண்டிக்கு 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50. விரைவுச்சாலைச் சுங்கத்தை அந்தந்தச் சாவடியில் நீங்களே கையில் கொடுக்க வேண்டும், அதனால் 100, 50, 20 நோட்டுகளாக வைத்திருங்கள். துண்டுச்சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வண்டியில் ஏதாவது மறந்து இறங்கினால் தேட அந்தச் சீட்டு மட்டும்தான் கையில் இருக்கும்.