மொட்டை மாடியில் மோட்டார் சங்கு (சைரன்) ஊதிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

காசிமேடு:
போன மாதம் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய மோட்டார் சங்கு. பேரிங் மாற்றி, வைண்டிங் கட்டி மாடிக்கு ஏற்றினேன். ஞாயிறு காலை, பத்து விநாடி மட்டும் போடலாம் என்று சுவிட்சைத் தட்டினேன். உங்களுக்கே தெரியும், கரண்டை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. அது இறங்கி அடங்குவதற்குள் தெருவே வெளியே வந்துவிட்டது.

எதிர்வீட்டு ஆயா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டுப் பையைத் தோளில் மாட்டி வாசலில் நிற்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று படகு, வலை எல்லாம் போன குடும்பம். அன்றும் ஞாயிறு காலைதான், எனக்கு அது தோன்றவே இல்லை. அண்ணாந்து என்னைப் பார்த்து, "இந்த வாட்டி முன்னாடியே ஊதிட்டாங்களா தம்பி?" என்றார்.

பெரம்பூர்:
என்னுடையது சின்னது. போட்டதும் அப்பா, "நம்ம மில் சங்கு இதைவிடத் தடிமனா கேக்கும்" என்றார். பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மூடிய மில், சத்தம் மட்டும் காதிலேயே இருக்கிறது அவருக்கு.

தம்பி, சில விஷயம் சொல்கிறேன். சங்குச் சக்கரத்து ஓட்டைகளின் எண்ணிக்கையை அது விநாடிக்குச் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் சுருதி. பத்து ஓட்டை, நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் விநாடிக்கு 467 அதிர்வு. மோட்டாரைச் சோதிக்க ஊத வேண்டியதே இல்லை. காற்று இழுக்கும் வாயைப் பலகையால் மூடி ஓட்டுங்கள், சத்தம் நன்றாகக் குறையும். கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், வீட்டு எம்சிபி (கரண்ட் கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும், தனி லைன் போடுங்கள். பக்கத்தில் நின்றால் காதுக்கு மூடி கட்டாயம். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கே 55 டெசிபல்தான் வரம்பு. தெருவுக்குள் இதை ஊதவே கூடாது என்பதுதான் என் கருத்து.

எண்ணூர்:
பெரம்பூர் அண்ணே, ஊதவே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களுக்கும் டிசம்பர் 26தான், ஆனால் 2023. நள்ளிரவு நெருங்கும் நேரம், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா. எங்கள் தெருவில் ஒரு சங்கும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். கண் எரிய, ஈரத்துண்டை அம்மா மூக்கில் அழுத்திப் பிடித்தபடி ஓடினேன். அந்தப் பையன் அன்று ஊரில் இல்லாமல் போயிருந்தால்?

முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான். சரி, காசிமேட்டுத் தம்பி, ஆயாவிடம் என்ன சொன்னீர்கள்? அதை எழுதவில்லையே.

காசிமேடு:
கீழே இறங்கிப் போய் நான்தான் போட்டேன் என்று சொன்னேன். திட்டவில்லை. பேத்தியை இறக்கி விட்டார். "அப்ப நிஜமா தண்ணி வந்தா நீ ஊதுவியா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். சங்கு இன்னும் மாடியில்தான் இருக்கிறது.